அடுத்தவன் விரலில் அப்பாவின் மை

பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு அந்த முன்னாள் ஊராட்சித் தலைவரைக் கூப்பிடலாம் என்று நம் பழைய மாணவர் குரூப்பில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, நான் "கூடாது" என்று ஒரே ஒரு வார்த்தை போட்டேன். அதற்கு எத்தனை கேள்வி! "இன்னா டீச்சர், வயசான மனுஷன், அவரு மேல உனக்கு இன்னா காண்டு?" என்று ஒருத்தன். "வுடும்மா, பழைய கதை" என்று ஒருத்தி, கும்பிடு படம் வேறு. பழைய கதைதான். நாமும் பழசுதான். நாற்பதைத் தாண்டிவிட்டோம், பாதிப் பேர் தலைக்கு டை அடிக்கிறோம், மீதிப் பேருக்கு அடிக்கத் தலையில் ஒன்றும் இல்லை. முப்பத்தைந்துக்கு மேல் போனால் எந்தக் கம்பெனி லைனிலும் ஆள் எடுக்காத இந்த ஊரில் நாமெல்லாம் கிழடுகள். வாய்ஸ் மெசேஜில் சொன்னால் அழுகை வரும், இல்லையென்றால் கெட்ட வார்த்தை வரும். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நாம் ஏழாவது படித்த வருஷம். மண்ணூர் போகிற ரோட்டில் சவுக்குத் தோப்புகளை வெட்டிச் சாய்த்துவிட்டு, லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, ஷெட்டுகளை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று வந்தால், அதற்குச் சின்னச் சின்ன சாமான் செய்து கொடுக்கும் பட்டறைகள் அதைச் சுற்றிப் பத்து முளைக்கும். அப்படி ஒரு பட்டறையில் என் அப்பா பிரஸ் ஓட்டினார். இரும்புத் தகட்டை அச்சில் வைத்துப் பெடலை மிதித்தால் மேலேயிருந்து அடி இறங்கும். தட்டையாகப் போன தகடு கதவுக் கீலாக வளைந்து வெளியே வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் வேலை, ஓ.டி. இருந்தால் அதற்கு மேலும் அதுதான். வீட்டுக்கு வரும்போது சட்டை முழுக்க ஆயில் வாசனை அடிக்கும். அம்மா எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.

தகட்டில் ஓட்டை குத்தும்போது வட்ட வட்டமாகத் துண்டு விழும். அதை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பாண்டி ஆட அதைவிட நல்ல சில்லு உலகத்தில் கிடையாது. ஓட்டுச் சில்லு மாதிரி கோட்டைத் தாண்டி ஓடாது, போட்ட இடத்தில் ணங்கென்று உட்காரும். உங்களில் பாதிப் பேர் என்னிடம் அதைக் கெஞ்சி வாங்கியிருக்கிறீர்கள். இப்போது யாரிடமாவது ஒன்று இருக்கிறதா? என்னிடம் இல்லை. அந்த வருஷம் ஆடி மாதம் அம்மா டப்பாவோடு எடுத்துக்கொண்டு போய் ஊர்க்கிணற்றில் கொட்டிவிட்டாள்.

ஆடியில்தான் அது நடந்தது. அந்த மிஷின் பெடலை மிதிக்காமலே தானாக ஒரு அடி அடிக்கும். ஒரு வாரமாகவே அப்படி அடிக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். "அர்ஜென்ட் ஆர்டர்ப்பா, ஓட்டு. ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. பதில் சொன்னவன் காண்ட்ராக்டர், அந்தப் பட்டறைக்கு ஆள் அனுப்புகிறவன். நீங்கள் விழாவுக்குக் கூப்பிடப் பார்க்கிற முன்னாள் தலைவர் அவன்தான். ஆமாம், "அவன்"தான். "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மத்தியானம் அப்பா இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தகட்டைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தபோது மிஷின் தானாக அடித்தது. இடது கையில் ஐந்து விரலும் போயின. வலது கையில் நடுவிலிருந்த மூன்றும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

காண்ட்ராக்டர் தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வைத்தான். ஊரே "தங்கமான மனுஷன்" என்றது, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆப்பிள் நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள், அப்பா அரை மயக்கத்தில் கிடந்தபோது, மிச்சமிருந்த அந்தக் கட்டைவிரலில் மை தடவி ஒரு தாளில் உருட்டி எடுத்துக்கொண்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்பா அந்தப் பட்டறையில் வேலை செய்கிறவரே இல்லையாம். தெரிந்தவரைப் பார்க்கப் போன இடத்தில், வேடிக்கை பார்க்கும்போது, விளையாட்டாகக் கையை விட்டுவிட்டாராம். இரண்டு கையையும்! வேடிக்கை பார்க்க!

அப்புறம் அம்மாவுக்கு ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலை போட்டுக் கொடுத்தான். அங்கேயும் ஆள் அனுப்புகிறவன் அவன்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. ஆனால் அந்தத் தொட்டிலில்தான் நாங்கள் சாப்பிட்டோம், அதையும் சொல்லியாக வேண்டும். அம்மா தூக்குவாளியில் கொண்டுவருகிற மிச்ச சாம்பாருக்காக நான் வாசலிலேயே நிற்பேன்.

அப்பாவுக்காகப் பேசியது ஒரே ஒருத்தர்தான், பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர். அவர்தான் லேபர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தார், இரண்டு முறை பஸ் ஏறி அப்பாவோடு போனார். ஐப்பசியில் ஊராட்சித் தேர்தல் வந்தது. காண்ட்ராக்டர் தலைவருக்கு நின்றான், பூட்டு சாவி சின்னம். பால்காரரும் நின்றார், ஆட்டோ சின்னம். காண்ட்ராக்டர் தலைவரானால் மனு என்ன கதிக்குப் போகும் என்று ஏழாவது படிக்கிற எனக்கே தெரிந்தது. அப்பாவுக்கு அந்தத் தேர்தலில் ஒரே ஒரு ஆசைதான். தன் கையால் ஆட்டோவில் ஒரு குத்து.

அப்போது ஓட்டு மிஷின் எல்லாம் கிடையாது, தாள்தான். ஊராட்சித் தேர்தலென்றால் நான்கு தாள், ஒவ்வொன்றும் ஒரு கலர். தலைவருக்கு ரோஸ் தாள். முத்திரைக் கட்டையைப் பிடித்துக் குத்த வேண்டும், முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும், அப்புறம் குறுக்கில். மாற்றி மடித்தால் மை இன்னொரு சின்னத்தில் ஒட்டிக்கொண்டு செல்லாத ஓட்டாகிவிடும். இதையெல்லாம் பால்காரர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "மடிக்கறதுதான் கஷ்டம்ணே" என்றார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "பாப்பா, ஒரு கெழங்கு எடுத்தா" என்றார் அப்பா.

உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டி, ஓட்டு முத்திரையில் இருப்பது போல நுனியில் பெருக்கல் குறி மாதிரி செதுக்கிக் கொடுத்தேன். பேனா மையைத் துணியில் ஊற்றி வைத்தேன். மாதா கோயில் திருவிழா நோட்டீஸ் ரோஸ் கலரில் ஒரு கட்டு இருந்தது, அதுதான் ஓட்டுச் சீட்டு. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கிழங்கைப் பிடிப்பதற்கே இரண்டு நாள் ஆயிற்று. ஈரம், வழுக்கும். கீழே விழுந்து உருளும். "கொழம்புக்கு வெச்சிருந்த கெழங்க எல்லாம் அப்பனும் பொண்ணும் சேந்து ஓட்டு போட்டே தீத்துடுங்க" என்று அம்மா கத்துவாள். அப்பா தாளை மோவாயால் அழுத்திக்கொள்வார், இடது கையின் மொட்டையால் நீவுவார், சுண்டுவிரலால் ஓரத்தைத் தூக்குவார். கிழியும். இன்னொன்று. அதுவும் கிழியும். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நோட்டீஸ் நீளவாக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று கச்சிதமாக மடிந்து அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தது. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஆடிக்கு அப்புறம் அப்பா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், அது வரைக்கும் துண்டுக்குள் மறைத்தே வைத்திருந்த கையை வெளியே எடுத்து, இரண்டு விரலாலும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

தேர்தல் நாள். பூத்து எங்கே? நம்ம ஏழாம் வகுப்பு. ஆண்களுக்கு நம் கிளாஸ், பெண்களுக்குப் பக்கத்தில் எட்டாவது. பெஞ்சையெல்லாம் வெளியே அடுக்கியிருந்தார்கள். மறைவுக்கு ஓர் அட்டையை மடக்கிப் பின் ஜன்னல் ஓரத்து மேஜையில் நிறுத்தியிருந்தார்கள். அந்த ஜன்னலுக்கு ஒரு கதவு கிடையாது, பந்தடித்து உடைத்தது யார் என்று குரூப்பில் இருக்கிறவனுக்கே தெரியும். நான் போய்ச் சுவருக்குப் பின்னால் கிடந்த செங்கல் குவியலில் ஏறி நின்றுகொண்டேன். அப்பா மடிக்கிறதை நான் பார்க்க வேண்டும். அவருக்கு வாத்தியார் நான்தானே.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அம்மா பொத்தான் போட்டுவிட்டது. பேர் படித்தார்கள், சரி. சீட்டு சரி. மை வைக்கிற இடத்தில் நின்றது வண்டி.

"எடது கையை நீட்டுங்க" என்றார் பூத் ஆபீசர். கண்ணாடி போட்டவர், வெளியூர், காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்காத முகம்.

அப்பா நீட்டினார்.

"விரல் எங்கப்பா?"

"கம்பெனில போயிடுச்சி சார். இந்தாண்ட கட்ட வெரல் கீது, சுண்டு வெரல் கீது. இதுல வைங்க சார்."

"அது வலது கை. எடது ஆள்காட்டி விரல்லதான் வெக்கணும், அதான் ரூல்."

"அது இல்லியே சார்."

"இல்லன்னா நான் என்ன செய்யறது? நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

ஏஜென்ட்டுகள் உட்காரும் பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்தான். காண்ட்ராக்டரின் தம்பி. பால்காரர் தரப்பு ஏஜென்ட் அந்த நேரம் பார்த்து டீ குடிக்க வெளியே போயிருந்தான், அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

"சார், மை வெக்காம சீட்டு குடுத்தீங்கன்னா நான் அப்ஜெக்‌ஷன் எழுதுவேன். இவரு வெளிய போயிட்டு மறுபடியும் வந்து போட்டா யாரு பொறுப்பு?" என்றான்.

கேட்டீர்களா? சுத்துப்பட்டு ஊரிலேயே அப்படிப்பட்ட கை ஒரே ஒருத்தருக்குத்தான். அவர் ஆள் மாறாட்டம் செய்து கள்ள ஓட்டுப் போடப் போகிறாராம்!

ஆபீசர் பயந்துவிட்டார். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "கை முடியாதவங்களுக்குத் துணையாள் வெச்சுப் போடலாம்னு இருக்கு. துணையாளுக்கு மை வெச்சிடலாம், கணக்கு சரியாப் போயிடும். வீட்ல யார் வந்திருக்காங்க?" என்றார்.

பெண்கள் பக்கம் ஓட்டுப் போட்டுவிட்டு வராந்தாவில் நின்றிருந்த அம்மா, "நான் கீறேன் சார்" என்று முன்னால் வந்தாள்.

"படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் எப்படிம்மா பாத்துக் குத்துவே?"

இப்போதுதான் பக்கத்து அறையில் நான்கு தாளிலும் பார்த்துக் குத்திவிட்டு வந்தவள்! படத்தைப் பார்த்துக் குத்தத்தானே சின்னமே வைத்திருக்கிறார்கள்? தம்பிக்காரன் விடவில்லை. "அவங்க வெரல்ல ஏற்கெனவே மை கீது பாருங்க சார். ஒருவாட்டி மை வெச்சவங்க மறுபடியும் எப்டி உள்ள வர முடியும்? நான் வேணா கூடப் போறேன். இந்த அண்ணன் நமக்கு வேண்டியவருதான்" என்றான். அவன் விரலிலும்தான் மை இருந்தது. காலையில் முதல் ஓட்டே அவனுடையது. அதை யாரும் கேட்கவில்லை.

"சார், எனக்கு யாரும் வேணாம் சார்" என்றார் அப்பா. "நானே குத்துவேன். மடிக்கக்கூட வரும். பழகிகினு வந்திருக்கேன் சார்."

"பெரியவரே, சீட்டு கிழிஞ்சா செல்லாத ஓட்டாயிடும். உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்? பின்னாடி எவ்வளவு பேர் நிக்கறாங்க பாருங்க."

பெரியவராம். அப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. இந்த "உங்க நல்லதுக்குத்தான்" இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் ஒருத்தன் கையிலிருந்து எதைப் பிடுங்கினாலும் அதைச் சொல்லித்தான் பிடுங்குகிறார்கள். ஆபீசர் கெட்டவர் இல்லை, அதைப் பின்னால் நான் நிறைய யோசித்திருக்கிறேன். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்லவர், பயந்தவர், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று நினைத்தவர். ஆஸ்பத்திரியில் அந்தத் தாளில் உருட்டுவதற்கு அப்பாவிடம் விரல் கிடைத்தது. ஓட்டுக்கு மை வைக்க மட்டும் விரல் கிடைக்கவில்லை.

தம்பிக்காரன் குனிந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னான். ஜன்னல் வரைக்கும் கேட்கவில்லை. அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆபீசர் தம்பிக்காரனின் ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்து விரலில், அப்பாவுக்கு வைக்க வேண்டிய மையை வைத்தார்.

இருவரும் அட்டை மறைவுக்கு வந்தார்கள். எனக்கு நேர் எதிரே, இரண்டு முழ தூரத்தில்.

"இன்னா சின்னம்ணே?" என்றான் அவன், ரொம்ப மரியாதையாக.

"ஆட்டோ" என்றார் அப்பா. தெளிவாகச் சொன்னார். எதிராளி என்று தெரிந்து, அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"ஆட்டோவா? சரிண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவன் ரோஸ் தாளில் பூட்டு சாவி மேல் ஒரு குத்து குத்தினான். அப்பா பார்த்துக்கொண்டே நிற்கிறார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மற்ற மூன்று தாளிலும் கேட்காமலேயே குத்தினான். அப்புறம் மடித்தான். நீளவாக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று, பத்து விரலும் உள்ளவன் மடிக்கிற மாதிரி சுளுவாக. அப்போதுதான் அப்பா நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் கத்தியிருப்பேன், சத்தியமாகக் கத்தியிருப்பேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர் என் கவுனைப் பிடித்துக் கீழே இழுத்தார். "ஏய் குட்டி, பூத்தாண்ட இன்னா வேல? ஓடு!"

சாயங்காலம் டீக்கடையில் தம்பிக்காரன் இரண்டு விரலையும் விரித்துக் காட்டினானாம். "இது என்னுது, இது அந்தாளுது." கடையே சிரித்ததாம். அன்றைக்கு அவன் கண் தெரியாத, நடக்க முடியாத இன்னும் நாலு பேருக்கும் துணையாளாகப் போனான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். நான் பார்த்ததை அம்மாவிடம் சொன்னபோது ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு அந்தக் கன்னத்தையே தடவிக் கொடுத்து, "எவகிட்டயும் வாயத் தொறந்துடாதடி" என்றாள். அவள் கையில் கேன்டீன் சபீனா பவுடர் வாசனை.

ஒரே ஒரு ஓட்டில் பால்காரர் தோற்றார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. காண்ட்ராக்டர் ஏகப்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தான், அப்பா ஓட்டு இல்லாமலே ஜெயித்திருப்பான். அதுதான் இன்னும் ஆத்திரம். தேவையே இல்லாத ஒன்றைப் பிடுங்கியிருக்கிறான்கள். மனு போன இடம் தெரியவில்லை. தலைவரானதும் அவன் நம் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தான், நமக்கெல்லாம் இலவச நோட்டுக் கொடுத்தான். அட்டையில் அவன் போட்டோ. அந்த நோட்டில்தான் நாம் எட்டாவது முழுக்க எழுதினோம், நானும் எழுதினேன்.

இனி என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாளுக்கு அப்புறம் எனக்கு அப்பாவைக் கண்டாலே எரிச்சல். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாமே? வரிசையில் நின்றவர்கள் பார்த்திருப்பார்களே? பத்தாவது படிக்கும்போது ஏதோ சண்டையில், "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்தடுத்து எத்தனையோ தேர்தல் வந்தது, மிஷின் வந்தது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று வந்தது. அப்பா எதற்கும் போகவில்லை. "எனுக்குதான் வெரலே இல்லியே" என்பார். வீம்பு என்று நினைத்தேன். அம்மா சாகக் கிடந்தபோதுதான், பூத்தில் அந்தத் தம்பிக்காரன் அப்பா காதில் என்ன சொன்னான் என்று சொன்னாள். "நாளைக்கி அண்ணி கேன்டீனுக்கு வரணுமா, வேணாமாண்ணே?" அவ்வளவுதான் சொன்னானாம். அப்பா அதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார். என் தூக்குவாளி சாம்பாருக்காகத்தான் அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

டீச்சர் வேலைக்கு வந்த பிறகு எனக்கும் தேர்தல் டியூட்டி போட்டார்கள். பயிற்சி வகுப்பில் ஒரு கையேடு கொடுத்தார்கள். எல்லாரும் படி எவ்வளவு, சாப்பாடு உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினேன். எல்லாமே இருந்தது. இடது ஆள்காட்டி விரல் இல்லையென்றால் இடது கையில் வேறு விரல், இடது கையில் விரலே இல்லையென்றால் வலது கை, அதிலும் இல்லையென்றால் கையின் நுனியில் மை வைக்கலாம். தானாகப் போட முடியாதவருக்குத்தான் துணையாள். துணையாள் யாரென்று ஓட்டுப் போடுகிறவர்தான் சொல்ல வேண்டும், ஆபீசர் இல்லை, ஏஜென்ட் இல்லை. ஒருத்தர் ஒரு நாளில் ஒருத்தருக்குத்தான் துணை போகலாம். எல்லாம் சேர்த்து அரைப் பக்கம்கூட வராது. அந்த அரைப் பக்கத்தைப் படிக்க ஒருத்தருக்குச் சோம்பேறித்தனம், அதனால் என் அப்பாவுக்கு முப்பது வருஷம் போயிற்று. ஹாலிலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்து டீச்சர் தலைவலி மாத்திரை கொடுத்தாள்.

இந்தத் தேர்தலுக்கு, நடமாட முடியாதவர்கள், கைகால் முடியாதவர்கள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறார்கள் என்று தெரியும் அல்லவா? அப்பாவிடம் மன்றாடி, விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து, அவர் கட்டைவிரலை உருட்ட வைத்தேன். "சரி, உன் இஷ்டம்" என்றார். ஒரு காலை நேரம் வந்தார்கள். ஆபீசரம்மா ஒருத்தர், உதவிக்கு ஒருத்தர், ஒரு போலீஸ், கேமரா பிடிக்கிற பையன், பின்னாலேயே கட்சிக்காரர்கள் இரண்டு பேர். மேஜை மேல் அட்டை மறைவு வைத்தார்கள். இது பேனாவால் டிக் அடிக்கிற தாள். டிக் அடித்து, மடித்து, கவரில் போட்டு ஒட்ட வேண்டும்.

ஆபீசரம்மா அப்பாவின் கையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "டீச்சர், நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன். இன்னும் பத்துப் பன்னெண்டு வீடு இருக்கு. அய்யாவுக்கும் கஷ்டமில்லாம இருக்கும்" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையேட்டை மனப்பாடம் செய்தவள் நான். ஜன்னலில் நின்று பார்த்தவள் நான். "அவரைக் கேளுங்கம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பேனாவை வாங்கினேன். ஆமாம், வாங்கி மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். எந்தச் சின்னம் என்று அப்பாவைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவர் யாருக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அந்தத் தம்பிக்காரனாவது கேட்டுவிட்டுத் துரோகம் செய்தான். நான் கேட்கவே இல்லை.

"கீழ வெய்யி" என்றார் அப்பா.

"இல்லப்பா, சீக்கிரம் முடிச்சிட்டா..."

"பேனாவ கீழ வெய்யின்னேன். எல்லாரும் வெளிய போங்க. நீயும்தான்."

அவர் குரல் அப்படி ஏறி நான் கேட்டதே இல்லை. ஆபீசரம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். எல்லாரும் வெளியே வந்து வாசலில் தண்ணீர் டிரம் ஓரமாக நின்றோம். கட்சிக்காரர்கள் மணி பார்த்தார்கள். ஷிப்டு பஸ் ஒன்று தெருமுனையில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. உள்ளே பேனா கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. எனக்குக் கால் தானாக ஓர் அடி முன்னால் போயிற்று, போலீஸ்காரர் "இருங்கம்மா, அவரு பாத்துக்குவாரு" என்றார். மறுபடி விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஆபீசரம்மாவும் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அப்பா வெளியே வந்தார். ஒட்டிய கவர் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. ஓரமெல்லாம் பசை, ஒரு மூலை கசங்கியிருந்தது. ஆபீசரம்மா நீட்டிய கையில் கொடுக்காமல், பூட்டிய பெட்டி எங்கே என்று கேட்டு, அவரே அதற்குள் போட்டார்.

அவர்கள் போன பிறகு, மனசு கேட்காமல் நான் கிட்டே போய் மெதுவாகக் கேட்டேன். "யாருக்குப்பா போட்ட?"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனுக்கு இன்னாத்துக்கு அது?" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

இன்று வரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.